நான்காய் மடித்த கடிதம்

தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் வீட்டு முன்னறையில் காலை ஏழு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். மனு வாங்குவதும், அப்பா சொல்லச் சொல்லப் பரிந்துரைக் கடிதம் எழுதுவதும் மகளின் வேலை. எட்டே முக்காலுக்கு ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடம். அங்கே அவள் உதவித் தலைமை ஆசிரியை. இருபத்திரண்டு வருடமாக இதே பாடு. நாக்குத் தள்ளிப்போயிருந்தது அவளுக்கு.

அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்தபின் கையெழுத்தையும் அவளே போட்டாள். மடிப்பு மட்டும் அவர் சொல்கிறபடி. கடிதத்தை இரண்டாக மடித்தால் சும்மா ஒப்புக்கு என்று அர்த்தம். நான்காக மடித்தால் காரியம் நடந்தே தீர வேண்டும். அதிகாரிகள் எல்லாருக்கும் இது தெரியும். மனு கொடுப்பவர்களுக்குத்தான் தெரியாது, பாவம்.

பத்து வருடத்துக்கு முன், மகனுக்குப் பள்ளி விடுதியில் இடம் கேட்டு ஒருத்தி வந்து அழுதாள். அவள் வாசலைத் தாண்டியதும், "ரெண்டா மடிம்மா," என்றார் அப்பா. மகளுக்கு மனசு வரவில்லை. அவருக்குத் தெரியாமல் நான்காக மடித்துவிட்டாள். மறுநாள் இன்னொருவருக்கு. போகப் போக யாருக்குமே இரண்டாக மடிப்பதில்லை என்றாகிவிட்டது. "கவலைப்படாதீங்க, நடந்துடும்," என்று வாயாலும் சொல்லி அனுப்பினாள்.

இப்போது அவளுக்கே ஒரு காரியம். ஓய்வு பெற இரண்டே வருடம். தலைமை ஆசிரியை பதவி மூன்று தடவை கைநழுவிப் போயிருந்தது. கொடுத்தால் அப்பாவின் செல்வாக்கு என்று பத்திரிகையில் போடுவார்கள் என அதிகாரிகளுக்குப் பயம். அப்பாவோ, "வீட்டு ஆளுக்கு எழுதினா நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?" என்று ஒரே பிடியாக நின்றார். இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான். திங்கட்கிழமை பட்டியல் வருகிறது. வியாழக்கிழமை தனக்காக ஒரு கடிதம் எழுதினாள், அப்பாவின் கையெழுத்தைப் போட்டாள், நான்காக மடித்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. இத்தனை பேருக்குச் செய்தாயிற்று, தனக்கு ஒன்று செய்துகொண்டால் குடியா முழுகிவிடும்?

மறுநாள் கல்வி அலுவலகத்துக்கு அவளே கொண்டுபோனாள். பிரிவு எழுத்தர் வாங்கிக்கொண்டார், பிரிக்கவில்லை.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. முன்னெல்லாம் உங்கப்பா லெட்டர் நாலா மடிச்சு வந்தா, கால்ல சுடுதண்ணி கொட்டின மாதிரி ஓடுவோம். இப்ப பல வருஷமா எல்லாமே நாலாத்தான் வருது. எதைச் செய்ய, எதை விட? பெரியவருக்கு வயசாயிடுச்சு, பழசெல்லாம் மறந்துடுச்சுன்னு நாங்களும் பார்க்கிறதை விட்டுட்டோம். எல்லா ஆபீஸ்லயும் இதே கதைதான்."

அலமாரியைத் திறந்து காட்டினார். கட்டுக்கட்டாகக் கடிதங்கள், எல்லாம் அவள் கை மடிப்பு. பாதியை யாரும் பிரிக்கவே இல்லை. அடக் கடவுளே, எத்தனை பேரை நம்ப வைத்து அனுப்பியிருக்கிறாள்! பதவி போவதைவிட அதுதான் அவளைச் சுட்டது. தன் கடிதத்தைத் திருப்பி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் அப்பா மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். கூடை நிறையக் கசக்கிய காகிதம்.

"வந்துட்டியா? நேத்து லெட்டர் எழுதும்போதே நீ கண் அசந்துட்டே. பார்த்து மனசு கேக்கலம்மா. நாப்பது வருஷமா வீட்டு ஆளுக்கு ஒரு வரி எழுதல. எழுதாம என்னத்தைக் கிழிச்சேன்? உனக்கு எழுதிட்டேன், என் கையாலேயே."

எழுத்து கோணல்மாணலாக ஓடியிருந்தது. மடிக்கப் பார்த்தார், கை ஆடியது.

"நீயே மடி. நாலா மடிம்மா. நம்ம லெட்டரால எத்தனை பேருக்கு நடந்திருக்கு! உனக்கு நடக்காதா?"

அவள் விளிம்பு பிசகாமல் நான்காக மடித்தாள்.

"கவலைப்படாதீங்கப்பா," என்றாள். "நடந்துடும்."