பலகையில் எழுதாத கூண்டு

படகுத்துறைக் கரும்பலகையைப் படிக்காமல் அந்த முக்குளிப்பவர் ஒரு நாளும் தண்ணீரில் இறங்கியதில்லை. அந்தச் சின்ன வளைகுடாவில் நண்டுக்கூண்டைத் தொலைத்தவர்கள், தொலைத்த இடத்தைப் பலகையில் எழுதியாக வேண்டும். ஸ்கூபா சிலிண்டரை மாட்டிக்கொண்டு, கடலுக்கடியில் படகுச் சங்கிலிகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. எழுதியிருந்தால் போகிற போக்கில் கூண்டையும் தூக்கி வந்துவிடுவார்.

"மச்சான், உங்க பேரு மட்டும் இதுல ஏறவே மாட்டேங்குதே! நண்டெல்லாம் உங்களுக்குச் சொந்தமா?" என்றார், தன் மனைவியின் அண்ணனான நண்டுக்காரரிடம்.

"தொழில் தெரிஞ்சவன் தொலைப்பானா மாப்ள?"

உண்மையில் போன வாரம்தான் நண்டுக்காரர் ஒரு கூண்டைத் தொலைத்திருந்தார். கூண்டு கிடக்கும் இடத்தைக் காட்டும் மிதவையை ஏதோ படகின் விசிறி அறுத்துவிட்டது. எழுதலாம் என்று சாக்பீஸைக்கூட எடுத்தார். முப்பது வருட அனுபவக்காரன் கூண்டைத் தொலைத்தான் என்றால் துறையில் சும்மா விடுவார்களா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடலில் போனது போகட்டும் என்று சாக்பீஸை வைத்துவிட்டார். பாவி மனிதர், நாலு பேர் சிரிப்புக்குப் பயந்தார்.

அன்று கடல் வற்றத் தொடங்கி இழுப்பு அதிகமானபோது, மாப்பிள்ளையோடு இறங்கிய கூட்டாளி மட்டும் மேலே வந்தான். கலங்கல் நீரில் அவரைத் தவறவிட்டிருந்தான். தேடிக் கொண்டுவந்தபோது சிலிண்டரில் காற்றும் இல்லை, உடலில் உயிரும் இல்லை. சிலிண்டரின் வால்வைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கயிறு இறுகியிருந்தது. அதன் மறுமுனையில் ஒரு கூண்டு, உள்ளே செத்த நண்டுகள். கயிற்றில் இருந்தது நண்டுக்காரர் மட்டுமே போடும் மூன்று சுற்று முடிச்சு.

துறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

தங்கை அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். சின்ன வயதில் அவளுக்கும் அண்ணன்தான் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"பலகையில இல்லேன்னா அடியிலயும் இல்லேன்னு நம்பித்தானண்ணே அவரு இறங்குனாரு? ஒரு வரி எழுத உனக்கு அப்படி என்ன வலிச்சுது?"

நண்டுக்காரர் பலகைக்குப் போய், இடத்தையும் தன் பெயரையும் எழுதினார். துறையே கேட்கச் சொன்னார்: "போனது போகட்டும்னு நெனச்சேன். நாம தொலைச்சது எங்கயும் போறதில்ல. அடுத்தவன் வழியிலதான் கெடக்குது. என் மானத்தைக் காப்பாத்துறேன்னு தப்ப மறைச்சேன், என் வீட்டு உயிரே போயிடுச்சு. இனி யாரும் மறைக்காதீங்க."

தங்கை அந்த வரியைப் பார்த்தாள்.

"எழுதிட்டண்ணே. படிக்கத்தான் அவரு இல்ல."