தீக்குச்சி வெளிச்சத்தில் ஒரு முகம்

வெள்ளிக்கிழமை மாலை வகுப்பில் நான் எழுந்து நின்று படித்த ஒரு வரியால்தான் அபுதாஹிரைப் பிடித்தார்கள்.

அது இந்த 1934ஆம் வருஷம், மாசி மாதம். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை இரவு ஏழரை மணிக்கு ஞானசிங் அண்ணனின் கொட்டகை எரிந்தது. தேங்காய் நார்த் தும்பைக் கூரைவரை அடைத்து வைத்திருந்த ஓலைக் கொட்டகை. அரை மணி நேரத்தில் நான்கு கரிந்த கால்கள் மட்டும் மிஞ்சின. ஆளுக்குச் சேதமில்லை. யாராவது வைத்த தீயா, தானாகப் பிடித்ததா என்று தெரியவில்லை.

நான் பகலில் கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தையல்கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கிறேன். மாலை ஆறரையிலிருந்து எட்டுவரை, சபைக் கட்டிடத்தை ஒட்டிய அறையில் நடக்கும் வகுப்புக்குப் போகிறேன். என்னைப்போல ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள் பதினாலு பேர் அங்கே படிக்கிறார்கள். சுந்தரராஜ் சார் எங்களுக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று டைரி. தினமும் பத்து வரி எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் அதில் ஒரு நாளை வகுப்பில் படிக்க வேண்டும். நான் ஒரு நாளும் விட்டதில்லை. நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், காற்று எந்தப் பக்கம் என்பதுவரை குறிப்பேன். பக்கங்களுக்கு எண் போட்டிருக்கிறேன். "ஆபேலுக்க டைரி இருந்தா பஞ்சாங்கம் வேண்டாம் மக்கா" என்று பக்கத்தில் உட்காரும் இஸ்ரவேல் கேலி செய்வான். அது எனக்குப் பிடித்த கேலி.

அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் தீயைப் பற்றித்தான் எழுதி வந்திருந்தார்கள். நான் தீக்கு முந்தைய அரை மணி நேரத்தைப் படித்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே கொட்டகையை ஒட்டிய சந்தில் ஒருவன் நின்று தீக்குச்சி உரசினான். பிறகு இந்த வரி: 'அந்த ஒளியில் அபுதாஹிரின் முகம், இருட்டிலிருந்து அப்போதுதான் வார்த்தெடுத்த வெண்கலம் போல ஒரு கணம் நின்று மறைந்தது.'

பின்னாலிருந்து யாரோ மெச்சி "கொள்ளாம்" என்றார்கள். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரும்பப் படிக்கச் சொன்னார். இரண்டாம் தடவை படிக்கும்போது குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டேன். அந்த இறக்கத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஞானசிங் அண்ணன் சபைக் கமிட்டியில் இருப்பவர். வகுப்பு முடிந்ததும் அறையைப் பூட்டுவதற்காக வாசலில் வந்து நின்றவர், அந்த வரியைக் கேட்டதும் உள்ளே வந்தார்.

"எவனுக்க மொகம்னு பறஞ்ச?"

"அபுதாஹிர். குளச்சல்லேருந்து வண்டியில கருவாடு கொண்டு வருவான்லா…"

"எனக்குத் தெரியும். போன சந்தைக்குக் காளை கெட்டுற எடத்துக்கு எங்கிட்ட வழக்குக்கு நின்னவன்."

"அண்ணா, அது சும்மா எழுதின ஒரு வரி."

"நீ சும்மா எழுதுறவனா மக்கா? எங்கம்மைக்க கடேசி சிரிப்பு ஒனக்க கண்ணுலதானே பட்டுது."

நான்கு மாதத்துக்கு முன்னால் அவருடைய அம்மை ரத்தினத்தை வில்வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினார்கள். டாக்டரைத் தயாராக நிறுத்த அவர் சைக்கிளில் முன்னால் போய்விட்டார். முன்னால் பார்த்து ஓட்டிய வண்டிக்காரனைத் தவிர வண்டியில் யாரும் இல்லை; போய்ச் சேருவதற்குள் வழியில் எப்போதோ அவள் இறந்துபோனாள். வண்டி எங்கள் அறை ஜன்னலைத் தாண்டியபோது அவள் சபைக் கோயில் பக்கம் திரும்பிப் புன்னகைத்தாள் என்று நான் டைரியில் எழுதியிருந்தேன். அடக்க ஆராதனையில் சார் அதை வாசித்தார். அண்ணன் அதை வேறொரு தாளில் எழுதி வாங்கி, கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

"நாளைக்கு நாலு மணிக்கு ஏட்டு இங்க வருவாரு. அந்தப் புஸ்தகத்தோட வந்திரு" என்று சொல்லி, சாவியை என் கையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

நான் இஸ்ரவேலின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவனிடம் தீப்பெட்டியைக் கொடுத்துச் சந்தில் போய் நிற்கச் சொன்னேன்.

"கொட்டகைதான் எரிஞ்சு போச்சே. இன்னும் என்னத்தக் கொளுத்தணும்?"

"ஒண்ணும் கொளுத்தாண்டாம். மொகத்துக்கிட்ட ஒரு குச்சி உரசு. போதும்."

ஜன்னலிலிருந்து சந்துக்கு நாற்பத்தெட்டு காலடி. விளக்கைத் தணித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தேன். குச்சி பற்றிற்று. ஒரு முகம் தெரிந்தது. நீண்ட மூக்கு, ஒடுங்கிய தாடை, வெண்கல நிறம். அபுதாஹிரின் முகம்.

இஸ்ரவேலுக்குச் சப்பை மூக்கு. கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு.

மூன்று தடவை உரசச் சொன்னேன். மூன்று தடவையும் அதே முகம். அவன் திரும்பி வந்து, "என்னலே, பேயப் பாத்தியா?" என்றான். இருட்டில் நான் கண்டது ஒரு மஞ்சள் பொட்டும் அதைச் சுற்றி ஒரு நிழலும்தான். மீதியை நான் போட்டிருக்கிறேன். ஆனால் போடுகிறோம் என்ற உணர்வே எனக்கு இல்லை. கண்டேன் என்று சத்தியம் செய்தால்கூட அது பொய்ச் சத்தியமாகாது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அந்த முகம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், சந்தை முக்கிலுள்ள சாயாக்கடையில், அபுதாஹிர் பீடி பற்றவைக்க விளக்குப் பக்கம் குனிந்தான். நான் நூல் வாங்கப் போனவன், வாங்காமல் நின்றுவிட்டேன். அன்றைய டைரியில் நூல் வாங்கியதை எழுதினேன். அந்த முகத்தை எழுதவில்லை. ஓர் ஆணின் முகம் அழகாக இருந்தது என்று எழுதக் கூச்சமாக இருந்தது. எழுதாமல் விட்டது செவ்வாய்க்கிழமை வேறோர் ஆளின் கழுத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் சாப்பாட்டு நேரத்தில் டைரியை முதலிலிருந்து எடுத்தேன். துணியில் கோடு போடும் நீலக் கட்டியால் அடையாளம் செய்தேன். கண்டதற்குக் கோடு, பாதி கண்டதற்கு வட்டம், காணாததற்குப் பெருக்கல் குறி. பத்து மாதத்தில் பத்தொன்பது பெருக்கல். வட்டங்களை எண்ண முடியவில்லை. ஒரு விஷயத்தைக் கவனித்தேன்: வகுப்பில் 'கொள்ளாம்' வாங்கிய வரிகளில் ஒன்றில்கூடக் கோடு இல்லை. நேரமும் காற்றும் எழுதுகிறவன் ஒருவன், இந்த வரிகளை எழுதுகிறவன் இன்னொருவன் என்று எண்ணிப் பார்த்தேன். கையெழுத்து ஒன்றாகவே இருந்தது.

நான்கு மணிக்குப் போனபோது வாசலில் கருவாட்டு வண்டி நின்றது. அபுதாஹிரைச் சந்தையிலிருந்து அப்படியே கூட்டி வந்திருந்தார்கள். சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். சாருடைய நாற்காலியில் ஏட்டு நாராயணபெருமாள் இருந்தார். ஞானசிங் அண்ணனும் சுந்தரராஜ் சாரும் பெஞ்சில்.

ஏட்டு அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"இது ஒனக்க கையெழுத்தா?"

"ஆமா ஏமானே."

"செவ்வாக்கிழமையே எழுதினதா?"

"ஆமா. ஆனா நான் கண்டது அவனில்ல. வெளிச்சம் மட்டுந்தான் கண்டேன். மொகம் நானா எழுதினது."

ஏட்டு என்னைப் பார்த்தார். பிறகு அபுதாஹிரைப் பார்த்தார். "யாராவது வந்து பயப்படுத்தினாவளா?"

"நான் இவன இண்ணைக்குத்தான் பாக்கேன்" என்றான் அபுதாஹிர். "தீ பிடிச்சப்ப நான் குளச்சல்ல எனக்க ஊட்டுல கெடந்தேன். ஊட்டுக்காரிய கேளுங்க."

"ஊட்டுக்காரி பின்ன என்ன சொல்லுவா." ஏட்டு டைரியை விரலால் தட்டினார். "செவ்வாக்கிழமை யாரும் ஒங்கிட்ட ஒண்ணும் கேக்கல்ல. கேக்காம எழுதினது. இண்ணைக்கு நாலு பேரு முன்னால நிக்க. அண்ணைக்கு எழுதினவன நான் நம்பவா, இண்ணைக்குப் பேசுதவன நம்பவா?"

"பேசுதவன நம்புங்க ஏமானே. எழுதினவன் பொய்யன்."

"பொய்யன் காத்து வடக்கேன்னு எழுதுவானா? ஏழு மணி ரெண்டு நிமிசம்னு எழுதுவானா?"

என் ஒழுங்கே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. நான் பக்கங்களைப் புரட்டி நீல அடையாளங்களைக் காட்டினேன். பன்னிரண்டாம் பக்கம், குளத்தில் முழு நிலா, அன்று அமாவாசை. முப்பத்தொன்றாம் பக்கம், மீன்கொத்தி. நான் அந்த வழியே போகவில்லை. ஏட்டு சிரித்துவிட்டார்.

"நெலாவுக்கு மேல ஒரு கேசும் இல்ல. அது, பாட்டு எழுதுறவன் எல்லாம் செய்யதுதான். ஆளுக்க பேரப் போட்டு, நடக்காதத எழுதினது ஒண்ணு காட்டு. நான் இவன விடுதேன். இல்லேன்னா ஸ்டேசனுக்குக் கொண்டுபோறேன்."

"இருக்காது ஏமானே" என்றார் ஞானசிங் அண்ணன். "ஆளு விசயத்துல இவன் அப்படி எழுதமாட்டான். எனக்குத் தெரியும்."

எண்பத்தெட்டாம் பக்கம். அதில் நீலப் பெருக்கல் குறி இருந்தது. விரலைப் பக்கத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அபுதாஹிரைப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் அது சாதாரண முகம். இரண்டு நாள் தாடி, காதோரம் ஒட்டிய மீன் செதில், பயத்தில் உலர்ந்த உதடு. வெண்கலம் எங்கும் இல்லை. இது அன்றைக்கு நான் பார்த்து நின்ற முகமாக இருந்திருந்தால் இந்தப் பக்கத்தைப் புரட்டுவது இன்னும் சுலபமாக இருந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. புரட்டிவிட்டேன்.

"அண்ணா," என்றேன். ஏட்டைப் பார்த்துச் சொல்ல நினைத்தது அவரைப் பார்த்து வந்துவிட்டது. "அம்மைக்க வண்டிக்குப் பின்னால பாய் கெட்டி மறைச்சிருந்துது. மொகம் தெரியல்ல."

வெளியே காளை மணி அசைந்தது.

"காத்துல பாய் வெலகியிருக்கும்" என்றார் அண்ணன்.

"வெலகல்ல அண்ணா."

"நீ பாத்தது மறந்திருக்கும்."

"பாக்கல்ல. அப்படி இருந்தா நல்லாயிருக்கும்னு எழுதினேன்."

சார் எழுந்து போய் ஜன்னலருகே எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஞானசிங் அண்ணன் டைரியை வாங்கி அந்தப் பக்கத்தை மடியில் வைத்துப் பார்த்தார். படித்ததாகத் தெரியவில்லை. அது அவருக்கு மனப்பாடம்.

"ஏமானே," என்று கடைசியில் சொன்னார், "இவனுக்க எழுத்த வச்சு நான் ஒண்ணும் பறையல்ல. அந்த ஆள விட்டிருங்க."

ஏட்டு பேனாவை மூடினார். "இனி எழுதினா காஜாக் கணக்க மட்டும் எழுதுலே" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அபுதாஹிர் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். வாசல்வரை போனவன் நின்றான்.

"ஊருல இத்தன மொகம் இருக்கு. எனக்க மொகம் என்னத்துக்கு ஒனக்கு?"

ஒரு பொய் தயாராக வந்தது. அதை விழுங்கிக்கொண்டேன். "ஒருநாள் சாயாக்கடையில பாத்தேன். நல்லாயிருந்துது. அதான்."

அவன் என்னை நெடுநேரம் பார்த்தான். "எனக்க ஊட்டுக்காரிகூட இப்படிப் பறஞ்சதில்ல" என்றான். சிரிக்கவில்லை. "இனிமே பாக்காத."

வண்டி போன சத்தம் தேய்ந்தது. சாரும் கிளம்பினார், போகும்போது என் தோளைத் தொட வந்த கையை வழியிலேயே எடுத்துக்கொண்டார். ஞானசிங் அண்ணன் மட்டும் பெஞ்சைவிட்டு எழவில்லை. அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபம்.

"வண்டி வந்தது உள்ளதா?"

"உள்ளதுதான் அண்ணா. ஆறு மணி. நான் அறையைத் தூத்துக்கிட்டு நின்னேன்."

"வேற என்ன பாத்த? பாத்தத மட்டும் சொல்லு."

"பாய்க்குக் கீழ ஒரு காலு வெளிய தெரிஞ்சுது. பாதம் மட்டும்."

அவர் தலையை நிமிர்த்தினார். "அசைஞ்சுதா?"

அவர் எதைக் கேட்கிறார் என்று புரிய ஒரு கணம் பிடித்தது. எங்கள் ஜன்னலைத் தாண்டும்போது அவளுக்கு உயிர் இருந்ததா என்று கேட்கிறார். நான் கண்ணை மூடிப் பார்த்தேன். உடனே அந்தப் பாதம் வந்தது. பெருவிரல் மெல்ல மடங்கி நிமிர்ந்தது. அவ்வளவு தெளிவாக, அவ்வளவு அழகாக இருந்தது. கண்ணைத் திறந்துகொண்டேன்.

"வண்டி அசைஞ்சுது அண்ணா," என்றேன். "காலு அசைஞ்சுதான்னு எனக்குத் தெரியல்ல."

அவர் டைரியை மடியில் வைத்தபடி, இன்னொரு பதில் வரும் என்பதுபோல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.