சங்கமித்ராவின் தொட்டி

பெங்களூர் தொம்மலூரின் பழைய தெரு ஒன்றில், மதிய நேரத்தில் ஆபீஸ்காரர்கள் வரிசை கட்டி நிற்கும் மெஸ் ஒன்று இருக்கிறது. அங்கே பாத்திரம் கழுவும் பகுதியை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்பவள் சங்கமித்ரா. அவளுக்குக் கீழே நான்கு பெண்கள். மெஸ்ஸின் பின்பக்கம், தரையோடு தரையாகப் பதித்த இரும்புத் தொட்டியும் அவள் பொறுப்பு. கழுவிய தண்ணீர் நேராகத் தெருச் சாக்கடைக்குப் போகாமல் முதலில் இதற்குள் வரும். சோறும் எலும்பும் உள்ளே இருக்கும் கூடையில் தங்கும். எண்ணெய் மேலே மிதந்து திரளும். அடியிலிருக்கும் தண்ணீர் மட்டும் தொட்டியின் கடைசி அறை வழியாக வெளியே போகும். க்ரீஸ் ட்ராப் என்பார்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அதன் மூடியைத் தொடக்கூட ஆளில்லை. முதல் தடவை திறந்தபோது அவளுக்கு வாந்தி வந்தது. இரண்டாவது தடவை, மாதக்கணக்கில் விட்டதால்தான் இந்த நாற்றம் என்று புரிந்தது. அன்றிலிருந்து சில சட்டங்கள் போட்டாள். தட்டில் ஒட்டிய குழம்பை வழித்துக் குப்பையில் போட்ட பிறகே சிங்க்கில் விட வேண்டும். கூடையைத் தினமும் காலையில் காலி செய்ய வேண்டும். வாரம் இரண்டு முறை, நீளக் கைப்பிடி போட்ட கரண்டியால் கொழுப்பை வழித்து மூடி போட்ட டிரம்மில் சேர்க்க வேண்டும். டிரம் நிறைந்ததும் லைசென்ஸ் உள்ள வண்டி வந்து எடுத்துப் போகும். கொழுப்பு வழிக்கும் வேலையை அவள் யாரிடமும் விட்டதில்லை.

போன ஜூலையில் ஒரு புதன்கிழமை, பதினொரு மணி இருக்கும். தெரு மேன்ஹோல் பொங்கி, எதிர்வீட்டு லட்சுமம்மாவின் சமையலறை வரை சாக்கடைத் தண்ணீர் புகுந்துவிட்டது. லட்சுமம்மா நனைந்த புடவையோடு மெஸ் வாசலுக்கு வந்து நின்றார். பின்னால் பதினைந்து பேர்.

"எல்லாம் உங்க எண்ணெய்தான்! சும்னே பேசிட்டு இருக்க மாட்டேன். இன்னிக்கு இந்த ஓட்டல மூடிட்டுதான் போவேன்!" என்று கன்னடம் கலந்த தமிழில் கத்தினார்.

முதலாளி சந்திரசேகரனுக்கு முகம் வெளுத்துவிட்டது. போனை எடுத்தார். "ரெண்டு ஆள் சொல்றேன். மேன்ஹோல்ல எறங்கி அரை மணியில எடுத்துடுவாங்க."

"வேணாம் சார்," என்றாள் சங்கமித்ரா.

"ஜனங்க நிக்கறாங்க, பாக்கற இல்ல?"

"பாக்கறேன். யாரும் உள்ள எறங்கக் கூடாது, உசிரு போயிடும். எறங்கச் சொன்னா எங்க ஜனத்துலதான் ரெண்டு பேர் வருவாங்க. அது எனக்குத் தெரியும். குடிநீர் வடிகால் வாரியத்துக்குப் போன் பண்ணுங்க, மிஷின் வரட்டும்."

அவரிடம் அவள் இப்படிப் பேசியதே இல்லை. அவர் போட வந்த எண்ணை அழித்தார். பிறகு வாரியத்தின் எண்ணைத் தேடினார்.

சங்கமித்ரா லட்சுமம்மாவிடம் போனாள். "அம்மா, திட்டறதுக்கு முன்னால ஒரு தடவ உள்ள வந்து பாருங்க. எல்லாரும் வாங்க."

பின்பக்கம் கூட்டிப் போய்த் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். மேலே விரல் கனத்துக்கு மட்டும் மஞ்சளாகக் கொழுப்பு ஆடை. கடைசி அறையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மொண்டு வெயிலில் தூக்கிப் பிடித்தாள். கொஞ்சம் கலங்கல்தான், ஆனால் ஒரு சொட்டு எண்ணெய் மிதக்கவில்லை.

லட்சுமம்மா டம்ளரையே பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "அப்ப என் வீட்டுக்குள்ள வந்தது யாருது?"

"கண்டுபிடிக்கலாம்."

வாரியத்தின் வண்டி வந்தபோது அதோடு ரூபினி என்ற இளம் இன்ஜினியரும் வந்தாள். பொங்கிய மேன்ஹோலில் வெள்ளைக் கட்டிகள் மிதந்தன. சங்கமித்ரா ஒன்றைக் குச்சியால் இழுத்துப் பார்த்தாள்.

"மேடம், எங்களது சாம்பார், குழம்பு. மஞ்சளாத்தான் இருக்கும். இது டீப் ஃப்ரை எண்ணெய். எங்க பைப் சேர்றதுக்கு முன்னாடி, மேட்டுப் பக்கம் இருக்கற மேன்ஹோல தொறங்க."

திறந்தார்கள். அங்கேயும் வெள்ளை. அதற்கும் மேலே இருந்ததில் இன்னும் தடிப்பாக. தெருமுனை மாடிக் கட்டடத்துக்கு எதிரே வந்ததும் தடம் நின்றது. அங்கே தரைத்தளத்தில், ஆன்லைன் ஆர்டருக்கு மட்டும் சிக்கன் பொரிக்கும் கிச்சன். நடத்துபவர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர் கில்பர்ட். வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கூட்டத்தைப் பார்த்ததும் ஏப்ரனோடு வெளியே ஓடிவந்தார்.

"ட்ராப் இருக்குங்க. பில்டிங் ஓனர் காட்டினாரு. சிங்க்குக்கு அடியில."

"எப்ப தொறந்தீங்க?"

"தொறக்கணுமா?"

சங்கமித்ரா உள்ளே போய்க் குனிந்து மூடியைக் கழற்றினாள். உள்ளே தண்ணீரே தெரியவில்லை. விளிம்பு வரை வெள்ளையாக இறுகியிருந்தது. குச்சியைக் குத்தினாள். கையை எடுத்த பிறகும் அது நின்றது.

"ஆனா நான் தெனம் சுடுதண்ணி ஊத்தறேனே," என்றார் கில்பர்ட், பாவமாக.

"அதுதான் சார் வினையே. இங்க உருகுது, லட்சுமம்மா வாசல்ல போய் உறையுது."

யாரோ சிரித்தார்கள். கில்பர்ட் கூனிக் குறுகிப்போனார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை, தெரியாதவர் என்று சங்கமித்ராவுக்குத் தோன்றியது. கில்பர்ட் நேராக லட்சுமம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் வீட்டைத் தன் ஆட்களை வைத்தே கழுவித் தருவதாகச் சொன்னார். லட்சுமம்மா வாய்க்குள் கன்னடத்தில் எதையோ முணுமுணுத்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

வாரியத்தின் வண்டி குழாய்க்குள் தண்ணீரைப் பீய்ச்சியது. இருபது நிமிடத்தில் தெரு வடிந்தது. யாரும் மேன்ஹோலுக்குள் காலை வைக்கவில்லை.

ரூபினி தன் படிவத்தை எழுதிக்கொண்டே கேட்டாள். "நீங்க இங்க என்னவா இருக்கீங்க?"

யார் கேட்டாலும் "பாத்திரம் கழுவறேன்" என்பதுதான் சங்கமித்ராவின் வழக்கமான பதில்.

"க்ரீஸ் ட்ராப்ப பாத்துக்கறது நான்தான்," என்றாள். சந்திரசேகரன் பக்கத்திலிருந்து, "ஆறு வருஷமா மேடம். ஒரு நாள்கூட அடைச்சதில்ல," என்றார். தன் குரலில் பெருமை இருப்பதை அவரே அப்போதுதான் கவனித்தவர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார். சாப்பாட்டு வரிசை தொடங்கியிருந்தது. சங்கமித்ரா கைகழுவப் போனாள்.

அடுத்த மாதம் வார்டிலுள்ள ஓட்டல்காரர்களைக் கூப்பிட்டு ரூபினி ஒரு கூட்டம் போட்டாள். பேச வேண்டியது சங்கமித்ரா. முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். முதல் ஐந்து நிமிடம் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கில்பர்ட் முன்வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். அவர்தான் முதல் கேள்வி கேட்டார்: பழைய பொரித்த எண்ணெயைத் தனியாக வாங்கிக்கொள்கிறவர்கள் யார் யார்? பதில் சொல்லத் தொடங்கியதும் நாக்கு அவிழ்ந்துவிட்டது.

கடைசியில் ஒரு பெரிய ஓட்டல் மேனேஜர் எழுந்தார். "இதெல்லாம் சரிம்மா. மெயின் லைன் அடைச்சா என்ன பண்றது? ஆள எறக்கித்தானே ஆகணும்?"

"எறக்கக் கூடாது சார். மிஷினுக்கு ஒரு மணி நேரம் காத்திருங்க. அதுவரைக்கும் கடைய மூடுங்க. ஒரு வேளை சாப்பாடு போனா நாளைக்கு சமைச்சுக்கலாம்."

மேனேஜர் உட்கார்ந்தார். சங்கமித்ரா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அடுத்து யார் கேக்கறீங்க?" என்றாள்.