பாதி நடவில் ஒரு கூட்டம்

ஜெரால்ட் சார் நல்லவரு. அத மொதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா இதக் கேட்டுட்டு அவரத் திட்டுவீங்க. காலேஜுல வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை எங்க ஊரு சமுதாயக் கூடத்துக்கு யாரையாச்சும் கூட்டியாந்து சரித்திரம், இலக்கியம்னு பேச வைப்பாரு. அனுமதி இலவசம், டீயும் இலவசம். அப்படியும் மைக்செட்காரரு, மழைக்கு ஒதுங்குன ரெண்டு பேரு, அவ்வளவுதான் கூட்டம்.

இந்தத் தடவ பேசப் போனது எம் பொண்ணு சுடர்விழி. திருச்சியில ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறா. எங்க தெருப் பொம்பளைங்க ஒரு காலத்துல கூலிக்காகப் போராடுனதப் பத்திப் பேச்சு. "அவங்க கதைய அவங்க இல்லாம காலி நாற்காலிக்கிட்டயா சொல்லுவேன்? எல்லாரையும் கூட்டிட்டு வாம்மா"ன்னு போன்ல அழாத கொறையாக் கேட்டா. பெத்தவ என்ன செய்வேன்?

குறுவை நடவு நேரம். எங்க தெரு நடவு ஆளுங்களுக்கு வேல பேசி, சேத்துக் கூட்டிட்டுப் போறவ நான்தான். ராமாயி ஆளுங்கன்னுதான் எங்களுக்குப் பேரு. நடவுல ஒரு மொற இருக்கு. ஒரு பண்ணையில எறங்கி நாத்து ஊனிட்டா, அந்த வருச நடவு பூரா எங்களுக்குத்தான். வேற ஆளும் வரக்கூடாது, மெஷினும் வரக்கூடாது. ஆனா நட்டுக்கிட்டிருக்குற வயலப் பாதியில விட்டுட்டு மொத்தமாக் கரையேறிட்டோம்னா அந்தப் பாத்தியம் போச்சு. காய்ச்சல்ல விழுந்தாக்கூட பதில் ஆள எறக்கிட்டுத்தான் வீட்டுக்கு வருவோம்.

மத்த மிராசுங்க எல்லாம் மெஷினுக்குப் போயாச்சு. சாமிதுரை பண்ணை ஒண்ணுதான் எங்க கையில மிச்சம். அந்தாளுக்கும் மெஷின் ஆசதான். மொறைய மீறுனா ஊரு காறித் துப்பும்னு பல்லக் கடிச்சுக்கிட்டிருந்தாரு.

"மத்தியானக் கூட்டத்த சாயங்காலம் வைங்க சார்"னு கெஞ்சுனேன். சாயங்காலம் கூடத்துல சடங்கு விசேஷமாம். நம்ம சார் சும்மா இருந்தாரா? அவராவே சாமிதுரை வீட்டுக்குப் போயி, ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும் பொம்பளைங்கள அனுப்புங்கன்னு கேட்டிருக்காரு. "தாராளமா போகட்டும் சார், அறிவு வளரட்டும்"னு சிரிச்சிருக்கான் அந்தாளு. சார் வரப்புல சின்னப் புள்ளயாட்டம் ஓடியாந்து சொன்னாரு.

"அக்கா, மொற என்னாவறது?"ன்னு தங்கமணி கேட்டா. எங்கூடவே நடுறவ, புருசன் இல்லாம ரெண்டு புள்ளைய வச்சிருக்கிறவ. "அவரே சொல்லிட்டாரே, அப்புறம் என்னடி?"ன்னு அதட்டுனேன்.

ஞாயித்துக்கிழமை பாதி வயல நட்டுட்டு, வாய்க்கால்ல காலக் கழுவிட்டுப் போனோம். முன் வரிசையில உக்கார வச்சாங்க. எம் பொண்ணு பேசுனா பாருங்க, யப்பா! மிராசு கூலி இவ்வளவுன்னு வாயால சொன்னாத்தான் வயல்ல எறங்குவோம்னு எங்க பொம்பளைங்க கையக் கட்டிக்கிட்டு வரப்புல நின்னாங்களாம். அவங்க பேர ஒவ்வொண்ணா மைக்குல சொன்னா. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. தங்கமணி என் கையப் புடிச்சுக்கிட்டா.

அப்பத்தான் ஜன்னல் வழியா அந்தச் சத்தம். டபடபடபன்னு. சாமிதுரை வயல்ல.

தங்கமணி கைய உருவிக்கிட்டு எந்திரிச்சா. எங்க ஆளுங்கள்ல வேம்பும் எந்திரிச்சா. அப்பறம் ஒவ்வொருத்தியா எல்லாரும் வாசலப் பாத்து ஓடுனாங்க. சுடர்விழி முகம் அப்படியே வாடிப்போச்சு. சத்தத்த மீறிக் கொரல ஏத்திப் பேசிப் பாத்தா. நான் எந்திரிக்கல. நானும் போயிட்டா எம் புள்ள உடஞ்சு போயிருவா. முன் வரிசையில ஒத்தையா உக்காந்து கையத் தட்டுனேன்.

முடிஞ்சதும் ஓடுனேன். கூத்தாநல்லூர் பக்கத்துலேருந்து வந்த மெஷினாம். நாங்க விட்ட எடத்துலேருந்து கோடு போட்டாப்புல நட்டுக்கிட்டுப் போவுது. எம் ஆளுங்க கரையில நிக்கிறாங்க.

"நீங்கதானய்யா போகச் சொன்னீங்க?"ன்னு கத்துனேன்.

"போகச் சொன்னேன். திரும்பி எறங்கச் சொன்னேனா? பாதியில கரையேறுனது நீங்க. மொற தெரியாதா ஒனக்கு?"ன்னாரு சாமிதுரை.

மெஷினு நாம பறிக்கிற நாத்த எடுக்காதுங்க. அதுக்குன்னு தனியா பாய் நாத்து விடணும், வளர ரெண்டு வாரத்துக்கு மேல ஆவும். பம்புசெட்டுக்குப் பின்னாடி பச்சப்பசேல்னு சுருட்டி அடுக்கி வச்சிருந்தான். பாவி, எப்படா சாக்கு கெடைக்கும்னு காத்துக்கிட்டே இருந்திருக்கான். அந்தச் சாக்கக் கொண்டுபோயி குடுத்தது எங்களுக்கு நல்லது நெனச்ச மனுசன்.

யாரும் என்னத் திட்டல. திட்டியிருந்தா தேவல. தங்கமணி புள்ளைங்கள ஆத்தா வீட்டுல விட்டுட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறிட்டா, எங்கிட்ட சொல்லிக்கக்கூட இல்ல. மத்தவளுங்க என்னக் கண்டா வேற பக்கம் பாத்துக்கிட்டுப் போறாளுங்க.

கூட்டம் முடிஞ்ச கையோட திருச்சிக்குத் திரும்பிட்ட சுடர்விழி போன் பண்ணா. "எல்லாரும் பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்களேம்மா. நான் சரியாப் பேசலயா?"

"நல்லாத்தாண்டி பேசுன. அவளுங்களுக்கு வேல இருந்துச்சு."

"ஜெரால்ட் சார் அடுத்த மாசமும் பேசச் சொல்றாரும்மா. ஒங்களுக்கு வேல இல்லாத நாளாப் பாத்து வைக்கச் சொல்லவா?"

"எந்த நாளுன்னாலும் வைக்கச் சொல்லு"ன்னேன்.