அத்தானின் இளமையும் அக்காவின் சிறுநீரகமும்

1

இந்தக் கதை என் அக்காவின் கோபத்தில் பிறந்தது. உத்வேகத்தில் பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. போனில் பொரிந்து தள்ளிவிட்டு, “நீதான் கதை எழுதறவனாச்சே, இதையும் எழுதேன்” என்றாள்.

இப்படித் தொடங்கினேன்: மனித உடலின் காவற்படை முதுமையில் தன் வீரியத்தை இழந்து

(அடித்துவிட்டேன். பாடப்புத்தக வாடை.)

2

அத்தான் ஆராய்ச்சியாளர். கிழட்டு எலிகளின் நோயெதிர்ப்பு ஆற்றலை மறுபடி இளமையாக்கியவர். மருந்தை மனிதர்களுக்குச் செலுத்தும் கட்டம் வந்ததும், முதல் ஆள் நானே என்று மார்தட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். பக்கத்தில் அக்கா.

“சார், உடம்புல மாற்று உறுப்பு ஏதாவது இருக்கா?” என்றாள் நர்ஸ்.

“இல்லம்மா” என்றார், சட்டைக் கையை மடித்தபடி.

பல வருடங்களாக அவருக்குள் உழைத்துக்கொண்டிருப்பது அக்காவின் சிறுநீரகம்.

(நம்ப முடியவில்லையா? எனக்கும்தான். ஆனால் தினமும் காலையில் அக்கா நீட்டும் மாத்திரைகளை, செய்தித்தாளிலிருந்து கண்ணெடுக்காமல் விழுங்குகிற மனிதர் அவர். அந்தச் சிறுநீரகத்தை உடம்பு அந்நியமென்று தாக்காமலிருக்க, நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் மாத்திரைகள். வீட்டில் அடக்குவது, ஆய்வகத்தில் உசுப்பிவிடுவது. நல்ல பிழைப்பு.)

3

“அப்ப என்னோடது?” என்றாள் அக்கா.

“உன்னோடது என்ன?”

“கிட்னி.”

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள். மாற்று உறுப்பு உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது என்று விதி. அதை எழுதியதே அத்தான்தான். திருதிருவென்று விழித்தார்.

“நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கு, அதான் ஞாபகமே வரல.”

அவர் மனைவியைப் பாராட்டி நான் கேட்ட ஒரே வாக்கியம் இது.

4

முதல் முடிவு: அத்தான் எழுந்து அக்காவிடம் மன்னிப்புக் கேட்கிறார். (அவரை எனக்குத் தெரியும். இது மாயாஜாலக் கதையில்லை.)

இரண்டாம் முடிவு: அவர் ஊசி போட்டுக்கொள்கிறார். உள்ளே விழித்துக்கொண்ட இளரத்தம் அக்காவின் சிறுநீரகத்தைப் பார்த்து, யார் நீ என்று

(முடியாது. அக்கா இதைப் படிப்பாள். )

அக்கா சொன்னது இவ்வளவுதான். அத்தான் தட்டிலிருந்த ஊசியைப் பார்த்தார். பிறகு, “அரை டோஸ் போட்டுப் பாக்கலாமே? நானே பின்வாங்கினா ஊரே சிரிக்கும். அப்படியே கிட்னி போனாலும் வேற வழி இல்லாமலா போயிடும்?” என்றார்.

“என்கிட்ட இன்னும் ஒண்ணுதாங்க இருக்கு” என்றாள் அக்கா.

அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள். என் அத்தானுக்காக ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் அவரைவிட நல்லவர் ஒருவர் பேசுகிறார். உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் எழுதுங்கள். அக்கா எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.