கிருஷ்ணகுமார் வைத்த முடிவு

இருதயராஜ் இறந்து இரண்டு வருடம் கழித்து அவன் வாழ்ந்த வீடு சினிமாவில் வந்தது.

படம் எடுத்த கிருஷ்ணகுமார் அவனோடு ஒரே சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தவன். சனி ஞாயிறுகளில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, இரவல் கேமராவில் எடுத்த தெலுங்குப் படம். கணவன் செத்த பிறகு குளியலறைக் குழாய் தானாகத் திறந்துகொள்வதாக நம்பும் பெண்ணின் கதை. இருதயராஜின் மனைவி ஸ்டெல்லா தனக்கு நடந்ததாகச் சொன்னதுதான். ஹைதராபாதில், உப்பலில் இருந்த அவர்கள் ஃப்ளாட்டிலேயே எடுக்கட்டுமா என்று கிருஷ்ணகுமார் கேட்டபோது சரி என்றாள். வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

சிகந்திராபாதில் ஒரு பழைய தியேட்டரில் காலைக் காட்சி மட்டும் கிடைத்தது. மாமியார் ராஜமும் கூட வந்தாள். மகன் போன பிறகு பாளையங்கோட்டைக்குத் திரும்பாமல் ஸ்டெல்லாவோடே இருந்துவிட்டவள்.

படம் நன்றாகத்தான் போனது. குழாய்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பின்வரிசைப் பையன்கள் பேச்சை நிறுத்தினார்கள். ராஜம் மருமகளின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் எங்கிருந்தோ ஒரு போலீஸ் அதிகாரி முளைத்தார். புருஷன் செத்தபோது இவள் ஏன் அழவில்லை என்று கேட்டார். அடுத்த காட்சியில் மனைவி பாலில் மாத்திரையைப் பொடித்துக் கலந்தாள். கொன்றவள் அவளேதான். அதோடு படம் முடிந்து விளக்கு போட்டுவிட்டார்கள்.

"அரே, கைக்கு ரே யே எண்டிங்?" எதுக்கு இப்படி ஒரு முடிவு என்று ஒருவன் அலுத்துக்கொண்டே எழுந்தான்.

வாசலில் கிருஷ்ணகுமார் நின்றிருந்தான்.

"ட்விஸ்ட் இல்லன்னா படத்த யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க ஸ்டெல்லா. அவள உங்களோட சேத்து யாரும் பாக்க மாட்டாங்க."

"அவ அழலங்கிறது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அது... அவன் போன அன்னைக்கு உங்க வீட்ல பாத்தது. மனசுலயே நின்னுடுச்சு."

கோபம் வரவேண்டிய இடம் இது என்று ஸ்டெல்லாவுக்குத் தெரிந்தது. வரவில்லை. "பரவால்ல," என்றாள்.

மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. மெட்டுகுடா ஸ்டேஷன் தாண்டியதும் ராஜம் ஆரம்பித்தாள்.

"பால்ல கலக்குனாளே, நம்ம அடுப்படில்லா அது."

"ஆமா அத்தை."

"அவம் போனன்னைக்கு நீ ஒரு சொட்டு கண்ணீர் விடல. எனக்கே ஒரு மாதிரி இருந்திச்சு. கொஞ்ச நாளு சந்தேகமாக்கூடப் பட்டேன் ஏட்டி. டாக்டர்ட்ட ரகசியமா கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஹார்ட்டுதான்னாரு. பெறவும் மனசு கேக்கல. அதுக்குத்தான் முதல்ல உங்கூட இருந்தேன். இப்ப அதுக்காவ இல்ல. நம்புவியா?"

நம்புகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள் ஸ்டெல்லா. நம்பினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை நாள் தனக்குத் துணையென்று நினைத்தவள் காவலுக்கு இருந்தவள் என்பது எங்கோ தூரத்தில், வேறு யாருக்கோ நடந்தது போலிருந்தது.

"எனக்கும் தெரியல அத்தை, ஏன் அழலன்னு," என்றாள். "இப்பவும் வரல."

ராஜம் தலையாட்டினாள். எதிர்ப்பக்கம் ஒரு குழந்தை கண்ணாடியில் நெற்றியை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள். இறங்கவேண்டிய உப்பல் வந்ததும் கதவு திறந்ததும் கவனத்தில் படவில்லை. கடைசி ஸ்டேஷனான நாகோலில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

"விட்டுட்டோமே," என்றாள் ராஜம். "இனி எங்க ஏறணும்?"

"எதிர்ப் பக்கம்."

ராஜத்துக்கு முழங்கால் வலி. ஸ்டெல்லா கையை நீட்டினாள். ராஜம் ஒரு கணம் தயங்கிவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.