சொல்லாமல் காட்டியவர்

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடத்திலிருந்து வந்தது. உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஞாயிற்றுக்கிழமை தோறும் கதை எழுதக் கற்றுத்தரும் வகுப்புக்குப் போகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் மாடியறையில், அவர்களுடைய பெஞ்சிலேயே முழங்கால் முட்ட உட்கார்ந்து, தலை நரைத்த ஏழெட்டுப் பேர் இலக்கியம் படிக்கிறோம். நடத்துகிறவரை ஆசான் என்று கூப்பிடுவோம். அவர் கொடுத்த பாடம் இது: உங்கள் வீட்டில் நடப்பதை எழுதுங்கள், ஆனால் 'நான்' போடாதீர்கள், 'அவர்' போடுங்கள், தூரம் கிடைக்கும்.

ஆகவே இனிமேல் 'அவர்'. தொழில், மருந்துக்கடை. எனக்கு நானே மரியாதை கொடுத்துக்கொள்வது முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. இரண்டு வரியில் பழகிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் யாரும் கொடுப்பதில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த மாலையில், கடைக்காரரின் மனதிலும்—

(மழை பெய்யவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. விட்டுவிடுவோம்.)

இரண்டாம் முயற்சி:

மனைவி வேறு ஊருக்குப் போகப்போகிறாள் என்றதும் அவருக்கு—

(இது பரவாயில்லை. ஆனால் விஷயம் முழுக்க முதல் வரியிலேயே வெளியே வந்துவிடுகிறது. ஆசான் விடமாட்டார்.)

3

ஆசானுக்கு ஒரே மந்திரம்தான்: சொல்லாதே, காட்டு. கோபம் வந்தது என்று எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடுவார். கோபம் வந்தவன் சட்டைப் பொத்தானைத் திருகினானா, செருப்பை உதறினானா, அதை எழுது என்பார். மற்றவர்கள் இந்தப் பாடத்தைத் தாளோடு நிறுத்திக்கொண்டார்கள். நம் கடைக்காரர் எதையும் அரைகுறையாகக் கற்கிற ஆள் இல்லை. படித்ததை வாழ்க்கையிலும் பழகினால்தான் கைக்கு வரும் என்று அவராகவே முடிவு செய்து, வாயை மூடிவிட்டார்.

கடைக்கு வந்த பெரியவர் ஒருவர், இந்த மாத்திரையைக் காலையில் போடுவதா ராத்திரியா என்று கேட்டார். கடைக்காரர் பதில் சொல்லாமல் வாசலில் விழுந்திருந்த வெயிலை நிதானமாகப் பார்த்தார். பெரியவர் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுப் போய், மாத்திரையை அட்டையோடு மொட்டைமாடியில் காயவைத்துவிட்டு, மறுநாள் வந்து சண்டை பிடித்தார்.*

வீட்டில் உப்புக் குறைந்தால் தட்டை இரண்டு விரல் தள்ளி வைத்தார். வயிறு சரியில்லையாக்கும் என்று மனைவி தட்டையே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

* வேறு அட்டை கொடுத்தாயிற்று. சாதாரண சத்து மாத்திரைதான், வாசகர் பதற வேண்டாம்.

4

இப்போது மனைவியைப் பற்றி. துணி ஆலையில் தரம் பார்க்கிறவள். மேஜைமேல் ஓடுகிற துணியில் ஓர் இழை விட்டுப்போயிருந்தாலும் இயந்திரத்தை நிறுத்திவிடுவாள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டே பேர். ஆலைக்காரர்கள் வேறு ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள். தரம் பார்க்கிற பிரிவு முழுவதற்கும் இவளைத் தலைவியாக வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வருஷம். அவள் வெகுநாளாக ஆசைப்பட்ட வேலை. கடையைப் பூட்டிவிட்டு இவரால் கூடப் போக முடியாது.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் நேராகவே கேட்டுவிட்டாள், போகட்டுமா என்று.

கடைக்காரர் எழுந்து போய், சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயை இறுக்கி மூடினார். இந்த வீட்டிலிருந்து ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்று அர்த்தம். (அர்த்தத்தை விளக்கக் கூடாது. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.) தான் போவதைவிட இவருக்குக் குழாய் பெரிசாகப் போய்விட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் விட்டு மறுபடியும் கேட்டாள். அவர் டீக்கு இரண்டு கப்பை எடுத்து வைத்து, யோசித்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தார். ஆசான் மட்டும் பார்த்திருந்தால் அப்படியே கட்டிப்பிடித்திருப்பார் என்று அவருக்குத் தோன்றியது.

"எனக்கு டீ வேணாம்னு யார் சொன்னா?" என்றாள் அவள்.

5

இதை அப்படியே எழுதி வகுப்பில் வாசித்தார். கப் வந்த இடத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆசானும் மெச்சினார். ஒரே ஒரு குறைதான் என்றார். அந்த மனைவி பாத்திரம் கதையைக் கெடுக்கிறது. வாழ்க்கையில் யாராவது இப்படிப் பட்டென்று போகட்டுமா என்று கேட்பார்களா? அந்தக் கேள்வியை வெட்டிவிட்டால் கதை எங்கேயோ போய்விடும்.

கடைக்காரர் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பேனாவை எடுத்து வெட்டினார். வெட்டிவிட்டு வாசித்துப் பார்த்தார். ஒரு வீட்டில் ஓர் ஆள் குழாயை மூடுகிறான். கப்பை எடுக்கிறான், வைக்கிறான். பக்கத்தில் யாருமே இல்லை. எனக்கு அதற்குமேல் வாசிக்க மனம் வரவில்லை.

(அவருக்கு.)

 சொல்ல விட்டுப்போனது ஒன்று: அன்று வகுப்பு முடிந்ததும் ஆசான் படிக்கட்டிலேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டார். பசி உயிர் போகுது, சாப்பாட்டை எடுத்து வை என்றார். அவர் எதையும் காட்டவில்லை. வாயால்தான் சொன்னார்.

6

இன்றும் ஞாயிறுதான். வகுப்புக்குப் போகவில்லை. சாயங்காலம் அவளுக்கு பஸ். இவரிடமிருந்து பதில் வராது என்று தெரிந்து, அவளாகவே சரி என்று ஆலைக்குச் சொல்லிவிட்டாள். இப்போது உள்ளறையில் பெட்டி அடுக்குகிறாள். அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இந்தக் கதைக்கு முடிவுகள் எழுதிக்கொண்டிருக்கிறார்.

முடிவு ஒன்று: பஸ் கிளம்புகிறது. அவருடைய கை மெல்ல உயர்ந்து, பாதியில்— (கை பாதியில் நிற்காத கதை எங்கள் வகுப்பில் ஒன்றுகூடக் கிடையாது.)

முடிவு இரண்டு: பஸ் வழியில் பழுதாகி அவள் திரும்பி வருகிறாள். (என் குடும்பத்துக்காக பஸ்காரர் ஏன் மெனக்கெட வேண்டும்?)

முடிவு மூன்று: அவள் போன பிறகு அலமாரியில் ஒரு கப்— (போதும் ஐயா, அந்தக் கப்.)

இந்த இடத்தில் அவள் கையில் மடித்த துண்டோடு அறை வாசலில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"போன்னு சொல்லுங்க, இல்ல போகாதேன்னு சொல்லுங்க. ரெண்டையும் தாங்கிப்பேன். இப்படி ஊமைப்படம் ஓட்டிட்டு இருக்கீங்க பாருங்க, இதைத்தான் தாங்க முடியல."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கடைக்காரர் எழுந்து சன்னலருகே சென்று, வெகு தொலைவில்—

இல்லை. எழுந்திருக்கவும் இல்லை, தொலைவில் ஒன்றும் இருக்கவும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் போகத்தான் வேண்டும். என்னால் அவள் நின்றுபோனால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். ஆனால் கடையைச் சாத்திவிட்டு வந்து, ஆள் இல்லாத வீட்டைத் திறந்து உள்ளே நுழைவதை நினைத்தாலே கடையிலேயே படுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவள் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். விஷயம் இவ்வளவுதான். ஆசான் கண்ணில் பட்டால் இந்தப் பத்தி முழுக்கச் சிவப்பாகிவிடும். ஆகட்டும். கொஞ்சம் இருங்கள், வந்துவிடுகிறேன்.

7

வந்துவிட்டேன். சொல்லிவிட்டேன்.

மேலே எழுதிய வரிசையில் வரவில்லை. பயம்தான் முதலில் வந்தது, போய்வா என்பது கடைசியில் வந்தது, நடுவில் நிறைய உளறினேன், சொன்னதையே திருப்பிச் சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். எந்த வரியையும் வெட்டச் சொல்லவில்லை. கேட்டு முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, வந்து பெட்டி மேல உட்காருங்க. மூட மாட்டேங்குது" என்றாள்.

அந்த இரண்டு வருஷத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தினமும் போனில் பேசுவோமோ, பேச ஒன்றும் இல்லாமல் போகுமோ, அவளுக்கு அந்த ஊர் பிடித்துப்போய் அங்கேயே இருந்துவிடுவாளோ. நினைக்கவே கதிகலங்குகிறது. முடிவு வேண்டும் என்கிறவர்கள் தயவு செய்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மழை வேண்டுமானாலும் பெய்யட்டும். எங்கள் இரண்டு பேரையும் மட்டும் கொஞ்சம் பேசவிடுங்கள்.

அவள் இரண்டாம் தடவை கூப்பிடுகிறாள். பெட்டி பெரிய பெட்டி, நானும் நல்ல கனம்தான்.